கண்ணாடிக்குத் தெரியாத கை

தாயில்பட்டியில் காளிராஜ் வீட்டுக்கு வழி கேட்டால் ஒரு காலத்தில் யாரும் கையை நீட்டிக் காட்ட மாட்டார்கள். "சத்தம் எங்கன வருதோ அங்கன போங்க" என்பார்கள். ஆள் மைக் செட்காரர். சடங்கு, காதுகுத்து, கல்யாணம், கோயில் பொங்கல், கட்சிக் கூட்டம் என்று சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் அவருடைய ஸ்பீக்கர் குழாயைக் கட்டாமல் நடக்காது. வேலை இல்லாத நாளில் வாசலில் செட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, ரிப்பேர் பார்க்கிறேன் என்ற பேரில் தெருவுக்கே பாட்டுப் போடுவார். பெற்ற மகளுக்கு இசைவாணி என்று பேர் வைத்தார். கல்யாணமாகி ராஜபாளையம் போன அந்தப் பெண், முதல் வேலையாகச் சத்தமில்லாத தெருவாகப் பார்த்து வீடு பிடித்தாள் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் தன் வீட்டுக்குள் பாட்டுப் போட்டு இரண்டு வருஷம் ஆகிவிட்டது. வெளியூர் விசேஷங்களுக்குக் குழாய் கட்டப் போவார், வருவார். வாசலுக்கு வந்ததும் செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றுவார். உள்ளே மாடத்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

மாடத்தி அவர் மனைவி. பட்டாசுக் கம்பெனியில் பேன்சி ரகம் செய்யும் ரூமில் பல வருஷம் வேலை பார்த்தவள். ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். மாடத்தி, மாரித்தாய், வேலம்மா, பொன்மணி, இந்த நாலு பேரும் ஒரே ரூம். காலையில் ஒரே வேனில் ஏறுவார்கள், ஒரே தூக்குச்சட்டியில் நாலு கை விழும். ரூமுக்குள் ரேடியோ, செல்போன் எதுவும் கொண்டுபோகக் கூடாது. பொறி பறந்தால் போச்சு. ஆகவே அந்த ரூமுக்கு ரேடியோ, மாடத்திதான். மைக் செட்காரர் பெண்டாட்டிக்குத் தெரியாத பாட்டு உண்டா? யாருக்காவது பாட்டு வேண்டுமென்றால் முழங்கையால் அவள் இடுப்பில் ஒரு இடி இடிப்பார்கள். இடித்தது யார் என்று திரும்பிப் பார்க்காமலே அவளுக்குரிய பாட்டைப் பாட ஆரம்பித்துவிடுவாள். மாரித்தாய்க்கு ஒரு மழைப் பாட்டு, வேலம்மாவுக்குத் தாலாட்டு, பொன்மணிக்கு ஆட்டம் போடுகிற பாட்டு. பாட்டுப்பெட்டி என்றுதான் அவளைக் கூப்பிடுவார்கள்.

இரண்டாயிரத்து ஆறு சித்திரை மாதம், உச்சி வெயிலில், குடிக்கத் தண்ணீர் எடுக்க மாடத்தி வெளியே போனாள். திரும்பி வந்தவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, வாசலில் பதித்திருந்த பித்தளைத் தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். உடம்பில் சேர்ந்திருக்கும் கரண்ட் மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்பதற்காக எல்லா ரூம் வாசலிலும் அப்படி ஒரு தகடு உண்டு. அதைத் தொடாமல் யாரும் உள்ளே போக மாட்டார்கள். அவள் தொட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில் ரூம் வெடித்தது. எதனால் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மற்ற ரூம்களில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே ஓட, இவள் உள்ளே ஓடி மாரித்தாயை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து வெளியே போட்டாள். மாரித்தாய் ஆஸ்பத்திரி வரைக்கும்தான் வந்தாள். மற்ற இரண்டு பேரும் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டார்கள்.

மாடத்தி மாதக்கணக்கில் மதுரையில் கிடந்தாள். முகம் தப்பிவிட்டது, கைகள் போய்விட்டன. போய்விட்டன என்றால், இருந்தன. விரல்கள் பாதி ஒட்டி, தோல் தடித்து, நகமில்லாமல் இருந்தன. "அவளுக எங்க?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "பக்கத்து வார்டுல இருக்காக" என்று காளிராஜ் சொல்லி வைத்தார். டாக்டர் அப்படிச் சொல்லச் சொன்னார். வீட்டுக்கு வந்த அன்றைக்கு எதிர்வீட்டுச் சீனியம்மா கட்டிப் பிடித்து அழுது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அதற்குள் மூன்று வீட்டிலும் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, படத்துக்கு மாலை காய்ந்து, அந்த வீட்டுப் பிள்ளைகள் மறுபடி கம்பெனி வேனில் ஏறத் தொடங்கியிருந்தார்கள்.

மாடத்தி அழவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்ப நானும் போயிட்டேன்," என்றாள்.

சீனியம்மாவுக்கு அழுகை நின்றுவிட்டது. "என்ன மதினி பேசுறீக?"

"ரூமுக்கு நாலு பேரு. நாலு பேரும் போயாச்சு. என்னைய மட்டும் எப்படி விட்டுட்டுப் போவாளுக?"

பைத்தியம் மாதிரி அவள் கத்தவில்லை, தலையை விரித்துப் போடவில்லை. கணக்குச் சரியாக இருக்கிறது என்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். அதற்கு என்ன செய்வதென்று காளிராஜுக்குத் தெரியவில்லை. கத்தியிருந்தால் பேயோட்டுகிற கோடாங்கியிடம் கூட்டிப் போயிருப்பார். சோறு போட்டுக் கொடுத்தால், "எனக்கெதுக்கு?" என்பாள். வற்புறுத்தினால் நாலு வாய் தின்பாள். பிறகு நடுவீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். இசைவாணி வந்து ஒரு மாதம் கூட இருந்து பார்த்துவிட்டு அழுதுகொண்டே போனாள். டாக்டர்கள் நாளாக நாளாகச் சரியாகும் என்றார்கள். நாளானது. ஒன்றும் சரியாகவில்லை.

இனிச் சும்மா இருந்தால் இவளை மண்ணில்தான் வைக்க வேண்டும் என்று காளிராஜுக்குத் தோன்றிவிட்டது. தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தில் இறங்கினார்.

விருதுநகரில் கமாலுதீன் பாய் பழைய கம்ப்யூட்டர் சாமான்களை வாங்கி விற்கிறவர். ஆம்ப்ளிபயருக்கு சாமான் வாங்கப் போய்ப் பழகியவர் காளிராஜ். இரண்டாயிரத்து எட்டு தீபாவளி முடிந்த சமயம் அது. அங்கே மூலையில் ஒரு தொடுதிரை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஏதோ பெரிய ஜவுளிக்கடையில் சேலை டிசைன் காட்ட வைத்திருந்தார்களாம். விரலை வைத்தால் படம் மாறியது. காளிராஜ் வைத்த கண் வாங்காமல் பார்த்தார்.

"இதைச் சுவத்துல பதிச்சு, பாட்டுப் பாடுற மாதிரி செய்யலாமா பாய்?"

"தாராளமாச் செய்யலாம். பின்னாடி ஒரு சிபியூ, உள்ளுக்கு ஒரு பாட்டு சாப்ட்வேர். எந்த மண்டபத்துக்கு?"

"மண்டபத்துக்கு இல்ல. வீட்டுல ஒரு ஆளுக்கு."

கார்த்திகை முழுக்க அந்த வேலைதான். ஆயுசு முழுக்க ஆள் உயரப் பெட்டிகளைச் சுமந்தவருக்கு இது மட்டும் படம் மாட்டினாற்போலச் சுவரோடு சுவராக இருக்க வேண்டும் என்று ஒரு வெறி. மாடத்தி எந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாளோ அதே சுவரைக் கொத்தினார். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, உளி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கம்ப்யூட்டரைப் பரண் மேல் ஏற்றி, ஒயரை எல்லாம் சுவருக்குள் ஓட்டிப் பூசினார். சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்திலிருந்து கழித்துப் போட்ட அலுமினியத் தகடு வாங்கி வந்து பின்பக்கம் அடைத்தார். அதில் எந்த வருஷத்தின் காலண்டரோ, ஒரு முருகன் பாதி அழிந்து நின்றார். பைக்குக்கு பெயின்ட் அடிக்கிறவரிடம் கொடுத்துச் சட்டத்துக்குக் கறுப்பு அடித்தார். இரண்டு பக்கமும் ஸ்பீக்கரைச் சுவருக்குள் வைத்து, சல்லடைத் துணி ஒட்டினார். முடிந்தபோது ஒரு திருகாணி வெளியே தெரியவில்லை, ஒரு ஒயர் தொங்கவில்லை. சீனியம்மா வந்து பார்த்து, "பணக்கார வீட்டு சினிமா செட்டுக் கணக்கால்ல இருக்கு" என்று வாயைப் பிளந்தாள். அதைக் கேட்டு காளிராஜுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

தன்னிடம் இருந்த அத்தனை பாட்டையும் ஏற்றினார். ஆனால் திரையில் முதலில் வருவது நாலைந்து பெரிய கட்டங்கள் மட்டும். ஒன்றில் தொட்டில், ஒன்றில் மயில், வலது மேல்மூலையில் கார்மேகம். எல்லாம் பழைய காலண்டர்களில் வெட்டி எடுத்த படங்கள். மேகத்தைத் தொட்டால் மாரித்தாயின் மழைப் பாட்டு வரும், தொட்டிலைத் தொட்டால் வேலம்மா பாட்டு. அந்த ரூமில் யாருக்கு எந்தப் பாட்டு என்பது அவருக்கு மனப்பாடம். மாடத்தி வேலை முடிந்து வந்து தினமும் சொல்லுவாள். பேர் எதுவும் எழுதவில்லை. அவளுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

"தொடு தாயி. பாட்டு வரும் பாரு."

மாடத்தி மேகத்தின் மேல் விரலை வைத்தாள். ஒன்றும் வரவில்லை. காளிராஜ் அதே இடத்தில் தன் விரலை வைத்தார், பாட்டு எடுத்தது. அதை நிறுத்திவிட்டு மறுபடி அவளைத் தொடச் சொன்னார். அவள் தொட்டாள், தேய்த்தாள். அவர் அவள் கையைப் பிடித்து அழுத்தியே பார்த்தார். திரை அப்படியே இருந்தது. துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார், பரணில் ஏறி ஒயரை அசைத்தார், இறங்கி வந்தார். மாடத்தி அவரைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு வருஷத்தில் முதல் சிரிப்பு. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று அவர் பின்னால் நினைத்தது உண்டு.

"நான் சொன்னா நம்புனீகளா? கண்ணாடிக்குத் தெரியுது பாத்தீகளா, நான் இல்லேன்னு."

காளிராஜ் அன்றைக்கே விருதுநகருக்குப் போன் போட்டார். கமாலுதீன் பாய் ஏதோ சாமான் வாங்க மெட்ராஸ் போயிருந்தார், வர நாளாகும் என்றார்கள். கழற்றி எறிந்துவிடலாம் என்றால், மாடத்தி விடவில்லை. "இருக்கட்டும். அழகாத்தான இருக்கு," என்றாள்.

அதன் பிறகுதான் அது தானாகப் பாட ஆரம்பித்தது.

விளக்கு வைக்கிற நேரம். காளிராஜ் பின்வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். மாடத்தி அடுப்படியில் இருந்தாள். நடுவீட்டில் ஈ காக்கை கிடையாது. திடீரென்று மழைப் பாட்டு எடுத்தது. செம்பு கையிலிருந்து நழுவ, அவர் ஓடி வந்து பார்த்தார். திரை வெளிச்சமாக இருந்தது, எதிரே யாரும் இல்லை. அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு மாடத்தி நின்றாள். அவள் முகத்தில் பயம் துளியும் இல்லை.

"மாரித்தாய் வந்திருக்கா," என்றாள்.

மறுநாளும் அதே நேரம், அதே பாட்டு. சில நாள் பாதியில் நின்று மறுபடி முதலிலிருந்து எடுக்கும். பாடித் தீர்ந்த பாட்டையே திரும்பக் கேட்பது மாரித்தாய் குணம். காளிராஜுக்கு அது தெரியும். எத்தனை ஊரில், எத்தனை சுடுகாட்டு ஓரத்தில் தனியாகக் குழாய்க்குக் காவல் படுத்த மனிதர்! தன் கையால் செய்த பெட்டிக்குப் பயந்து, சாயங்காலமானால் வீட்டுக்குள் போகத் தயங்கினார். சீனியம்மா ஒரு நாள் தன் காதாலேயே கேட்டுவிட்டு, திருநீறும் கையுமாக வந்து நாலு மூலையிலும் போட்டாள். "மாரித்தாய்க்குச் சாகுற வயசா அண்ணே? ஆசை அடங்கலை அவளுக்கு," என்றாள். தெரு அந்த வீட்டைக் கடக்கும்போது வேகமாக நடந்தது.

மாடத்தி மட்டும் தெளிந்துகொண்டே வந்தாள். தலை சீவினாள். பூ வாங்கி வரச் சொன்னாள். சாயங்காலம் பாயை விரித்து, தான் ஓரமாக உட்கார்ந்து மூன்று பேருக்கு இடம் விட்டாள். பாட்டு எடுத்தால் லேசாகத் தலையை ஆட்டி, பக்கத்தில் பார்த்து ஏதோ பேசினாள். வயிறாரச் சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்து சந்தோஷப்படுவதா, யாரோடு சாப்பிடுகிறாள் என்று பயப்படுவதா என்று அவருக்குப் புரியவில்லை. பேய் பிடித்தாவது பெண்டாட்டி சாப்பிட்டால் போதும் என்றுகூட ஒரு கட்டத்தில் நினைத்தார்.

ஒரு நாள் அவள் பெட்டியைத் திறந்து, கல்யாணச் சேலையை எடுத்து வெயிலில் காயப் போட்டாள். மடித்துப் பாய்க்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எதுக்கு தாயி இது?"

"மாரித்தாய் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டா. தைக்குள்ள போயிருவோம். சீனியம்மாகிட்டச் சொல்லி இதை உடுத்திவிடச் சொல்லுங்க. நீங்க தனியாப் பொங்கிச் சாப்பிட்டு உடம்பக் கெடுத்துக்கிறாதீக. இசைவாணிகிட்டப் போயிருங்க."

காளிராஜுக்கு அப்போதுதான் பயம் போய்க் கோபம் வந்தது. செத்தவளாக இருக்கட்டும், யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும், என் பெண்டாட்டியைக் கூட்டிப் போக அவள் யார்? எர்த் சரியில்லை என்றால் இந்த மாதிரித் திரை தானாக வேலை செய்யும் என்று எங்கேயோ கேட்ட ஞாபகம். கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, பைப்பை இறக்கிப் புது எர்த் கொடுத்தார். இரண்டொரு நாள் சும்மா இருந்தது. பிறகு மழைப் பாட்டு மறுபடியும் எடுத்தது.

மறுநாள் சாயங்காலம் அவர் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, நடுவீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். மாடத்தி அடுப்படியில் கேழ்வரகு கிண்டிக்கொண்டிருந்தாள். டியூப் லைட் எரிந்தது. அதன் வெளிச்சத்துக்குப் பூச்சிகள் வந்தன. கீழே திரையின் வெளிச்சத்திலும் நாலு பூச்சி உட்கார்ந்தது. டியூப் லைட் பட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பல்லி இறங்கியது. சுவர் வழியாக வந்து, கறுப்புச் சட்டத்தைத் தாண்டி, கண்ணாடியின் வலது மேல்மூலையில், மேகத்தின் மேல் கால் வைத்தது. பாட்டு எடுத்தது.

காளிராஜ் அப்படியே சுவரில் சாய்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். "தாயி, இங்கன வா! இங்கன வந்து பாரு உன் மாரித்தாய!" என்று கத்தினார். மாடத்தி கரண்டியோடு வந்தாள். பல்லி இன்னும் அங்கேயே இருந்தது. ஒரு பூச்சியைக் கவ்விக்கொண்டு நகர்ந்தபோது பாட்டு நின்று மறுபடி முதலிலிருந்து எடுத்தது.

"பாத்தியா? பல்லி! இந்தச் சனியன்தான் இம்புட்டு நாளும் நம்மளப் பாடாப் படுத்திருக்கு."

மாடத்தி பல்லியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து என்னவோ கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை காளிராஜ் கண்டார். அவருடைய சிரிப்பு தானாக நின்றது.

"அப்ப அவ வரல," என்றாள்.

"இல்ல தாயி. யாரும் வரல."

"பல்லிக்கு உசுரு இருக்குன்னு அதுக்குத் தெரியுது," என்றாள் மாடத்தி. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினாள். சேலையைத் தொடவில்லை. வெறுந்தரையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

உண்மையைச் சொன்னதில் காளிராஜுக்குக் கிடைத்தது இதுதான். பேய் போய்விட்டது, அதோடு அவளுடைய பேச்சுத்துணையும் போய்விட்டது. கண்ணாடி சொன்ன தீர்ப்பு மட்டும் மிச்சம். அடுத்த நாள் அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சீனியம்மாவைக் காவல் வைத்துவிட்டு அவர் விருதுநகருக்கு பஸ் ஏறினார். கமாலுதீன் பாய் ஊருக்குத் திரும்பியிருந்தார். பாய் அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, முழுக் கதையையும் கேட்டார்.

"முதல்லயே யாருக்குன்னு சொல்லியிருக்கலாமேப்பா," என்றார் பாய். "அந்தக் கண்ணாடி அமுக்குறதப் பாக்காது. நம்ம தோல் பட்டாத்தான் அதுக்குத் தெரியும். கையில உறை போட்டுக்கிட்டு நான் தொட்டாலும் அதுக்கு நான் இல்ல. தங்கச்சி கையில தோல் தடிச்சுப் போச்சுல்ல, அதான். வேற ஒண்ணும் இல்ல. வேற வகைக் கண்ணாடி ஒண்ணு இருக்கு. ஓட்டல் பில்லு போடுற மெசின்ல இருந்தது. அளகாவெல்லாம் இருக்காது, மங்கலாத்தான் தெரியும். ஆனா அமுக்குனாப் போதும்."

"அவ கைக்கு வேலை செய்யுமா?"

"கையே வேணாம்ப்பா. குச்சிய வச்சு அமுக்குனாலும் செய்யும்."

காளிராஜ் கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டார். "பாய், இந்தக் குச்சி விசயத்த நீங்க யார்கிட்டயும் சொல்ல வேணாம்," என்றார். பாய் அவரைப் பார்த்தார். "நான் எதுக்குப்பா சொல்லப் போறேன்," என்றார்.

அன்றைக்கு மத்தியானமே பழைய கண்ணாடியைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினார். அளவு சேரவில்லை. ஒரு பக்கம் இடைவெளி விழுந்து தகட்டு முருகனின் வேல் வெளியே தெரிந்தது. மேகம் அழுக்குத் துணி நிறத்தில் மங்கியது. ஒரு மாதம் பார்த்துப் பார்த்துச் செய்த அழகெல்லாம் போயிற்று. அவருக்கு அது பற்றிக் கவலையே இல்லை. மாடத்தியைத் தொடச் சொல்லவும் அவருக்குத் துணிவில்லை. முதலில் அப்படிச் சொல்லித்தான் இவ்வளவும் ஆனது. திரையைப் போட்டுவிட்டு, அடுப்படியில் போய்த் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

பொழுது இறங்கியது. டியூப் லைட்டை சீனியம்மா போட்டுவிட்டுப் போனாள். வழக்கம் போலப் பல்லி வந்தது. காளிராஜ் நிலை ஓரமாகத் தலையை நீட்டிப் பார்த்தார். மாடத்தியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லி மேகத்தின் மேல் ஏறி நின்றது, நகர்ந்தது, திரும்பி வந்தது. பாட்டு எடுக்கவில்லை.

மாடத்தி எழுந்தாள். பக்கத்தில் போனாள். பல்லி ஓடிவிட்டது. கையை நீட்டினாள், பாதியில் நிறுத்தினாள். பிறகு அந்தத் தடித்த விரலால் மேகத்தை அமுக்கினாள்.

பாட்டு எடுத்தது.

அவள் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். பாட்டு முழுவதும் நின்றபடியே கேட்டாள். முடிந்தது. மறுபடி அமுக்கினாள், மறுபடி எடுத்தது. காளிராஜ் எழுந்து அவள் அருகில் வந்து நின்றார்.

"மாரித்தாய் போடல," என்றாள் மாடத்தி. "நான்தான் போட்டேன்."

"ஆமா. நீதான் போட்ட."

உயிரில்லாத குச்சிக்கும் அது பாடும் என்கிற சொல் அவர் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டார்.

"அப்ப நான் இருக்கேனா?"

"இருக்க தாயி. இங்கனதான் இருக்க. என் முன்னாடி."

அவள் அவரையே பார்த்தாள். அவள் கண் அவர் மேல் வந்து நின்று எத்தனையோ நாளாயிற்று. உதடு கோணியது.

"அப்ப அவளுக மூணு பேரும் போயிட்டாளுகளா?"

ஆஸ்பத்திரியில் தொடங்கி அதுவரை ஒருமுறைகூட அவர் வாயால் அதைச் சொன்னதில்லை. இப்போது சொன்னார். "போயிட்டாக தாயி. மூணு பேரும் போயிட்டாக."

மாடத்தி தரையில் விழுந்தாள். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மைக் செட்காரர் வாழ்நாளில் கேட்டிராத சத்தம். நெஞ்சில் அந்தக் கைகளால் அடித்துக்கொண்டு, "ஏ மாரித்தாயீ, உன்னப் பிடிச்சேனே, பிடி விட்டுப் போச்சேடீ" என்று அவள் ஒப்பாரி எடுத்தாள். வேலம்மாவை அழைத்தாள். பொன்மணியை, அவள் கட்டிக் கொடுக்காமல் விட்டுப்போன மகளின் பேர் சொல்லி அழைத்தாள். குரல் கொஞ்சமும் கெடவில்லை. ரூமில் பாடிய அதே குரல்.

சீனியம்மா தலைமுடியை அள்ளி முடிந்தபடி ஓடி வந்தாள். வாசலில் நின்று ஒரு கணம் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. உள்ளே போய் மாடத்தியின் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அவளும் குரல் கொடுத்தாள். அந்த நேரம்தான் கம்பெனி வேன் தெருமுனையில் வந்து நின்றது. இறங்கிய பெண்கள் சத்தம் கேட்டு, முகத்திலும் கையிலும் ஒட்டிய பட்டாசு மருந்தின் சாம்பல் நிறத்தோடு, தூக்குச்சட்டியை வாசலில் வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போனார்கள். மாரித்தாயின் மகளும் அதில் இருந்தாள். தோள் மேல் தோள் போட்டு வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது.

காளிராஜ் கம்ப்யூட்டரின் சுவிட்சை இறக்கினார். சுவரில் இருந்த திரை அணைந்தது. இழவு வீட்டில் பாட்டு கூடாது. வெளியே வந்து, எதிர்வீட்டு பெஞ்சை இழுத்து வாசலில் போட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

வேன் டிரைவர் கருத்தப்பாண்டி வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். வேற்றூர்க்காரன், புதிதாக வேலைக்கு வந்தவன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு அவர் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தான்.

"யாருண்ணே?"

"மாரித்தாய், வேலம்மா, பொன்மணி."

"மூணு பேரா?" அவன் பதறிப் போனான். "எப்பண்ணே?"

காளிராஜ் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"இப்பத்தான்பா," என்றார்.